ஒரு மாத்திரையின் எட்டில் ஒரு பங்கு

சைட்டோடெக் 200 மைக்ரோகிராம் மாத்திரை வெள்ளையாக, அறுகோண வடிவில் இருக்கும். ஒரு பக்கம் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே சேர்ல் நிறுவனத்தின் பெயர், கீழே 1461 என்ற எண். மறுபக்கம் இரண்டு இரைப்பைகளின் வடிவம் பதித்திருக்கும். வயிற்றுப்புண்ணுக்கான மாத்திரை என்பதை அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நடுக்கோடு இரண்டாக உடைத்துக்கொள்வதற்கு. எட்டாக உடைப்பதற்கு அதில் எந்தக் கோடும் கிடையாது.

ஆனால் பல நாட்டு லேபர் வார்டுகளில் வருடக்கணக்காக அதை எட்டாகத்தான் உடைத்தார்கள். பிரசவ வலியை வரவழைக்கும் முன் கர்ப்பப்பை வாயை இளக்குவதற்கு வேண்டிய அளவு 25 மைக்ரோகிராம். கடையில் கிடைத்தது 200, சில நாடுகளில் 100. நடுவில் இருந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டியது ஒரு பிளேடும் ஒரு நர்ஸின் கண் மதிப்பும்தான். மிசோப்ரோஸ்டால் என்ற இந்த மருந்தைப் பற்றி (சைட்டோடெக் அதன் விற்பனைப் பெயர்) நிறைய எழுதியாயிற்று. நல்ல மருந்து என்று ஒரு சாரார், ஆபத்தான மருந்து என்று இன்னொரு சாரார். எனக்கு அந்தச் சண்டையை விட, சரியான அளவில் ஒரு மாத்திரை வருவதற்கு ஏன் இத்தனை காலம் ஆனது என்ற கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. நடந்த தீங்குகளில் பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் கர்ப்பப்பை வாய். கர்ப்பகாலம் முழுக்க அது நீளமாக, கெட்டியாக, மூடியபடி இருந்து குழந்தையை உள்ளே தாங்குகிறது. மூக்கு நுனியைத் தொட்டால் எப்படி இருக்கிறதோ அப்படி இருக்கும்; பிரசவத்துக்குத் தயாரானதும் உதட்டைப் போல இளகிவிடும். மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த மாற்றத்துக்குள் நடப்பது இதுதான்: வாயைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் இழைகள் தளர்ந்து பிரிகின்றன, திசு நீரை உறிஞ்சி உப்புகிறது, நீளம் குறைகிறது. இந்த வேலைக்கு உடம்பு பயன்படுத்தும் முக்கியமான பொருள் புரோஸ்டாகிளாண்டின்.

1964-ல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, கெட்டியா மிருதுவா, முன்பக்கமா பின்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயங்களைக் கையால் பார்த்து, மொத்தம் 13-க்கு மதிப்பெண் போடுவார்கள். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வாய் இன்னும் பக்குவப்படவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிலையில் நேராக ஆக்சிடோசின் டிரிப்ஸ் போட்டால் வலி வரும், ஆனால் வாய் திறக்காது. நாள் முழுக்க வலி தின்றுவிட்டுக் கடைசியில் சிசேரியன் என்ற கதை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை, நாள் தள்ளிவிட்டது என்று குழந்தையை வெளியே எடுத்தே ஆகவேண்டிய பெண்களில் பலருக்கு வாய் பக்குவப்பட்டிருக்காது. அதனால்தான் வலிக்கு முன்னால் வாய்க்கு மருந்து.

புரோஸ்டாகிளாண்டின்களைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்ததில் ஆப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. உகாண்டாவின் கம்பாலாவில், மக்கரேரே பல்கலைக்கழகத்தில் இருந்த சுல்தான் கரீம் 1968-ல் இவற்றில் ஒன்றை நரம்பு வழியாகக் கொடுத்துப் பிரசவ வலியைத் தொடங்கிவைக்கலாம் என்று காட்டினார். அப்புறம் அந்தக் குடும்பத்திலேயே இன்னொன்றான டைனோப்ரோஸ்டோன், ஜெல்லாகவும் பிறப்புறுப்பில் வைக்கும் பட்டையாகவும் வந்தது. நம் ஊர் மருத்துவமனையில் 'ஜெல் வெச்சிருக்காங்க' என்று சொந்தக்காரர்கள் வராந்தாவில் பேசிக்கொள்வது இதைத்தான். அரை மில்லிகிராம் ஜெல்லை ஒரு சிரிஞ்சில் எடுத்துக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்துவார்கள். தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து மறுபடியும்.

நன்றாக வேலை செய்யும் மருந்துதான். ஆனால் விலை அதிகம், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பட்டையாக வருவதை ஃப்ரீசரிலேயே வைக்க வேண்டும். அடிக்கடி கரண்ட் போகிற, மருந்து வாங்கும் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஒரு சின்ன மருத்துவமனைக்கு இது லேசான விஷயம் இல்லை.

மிசோப்ரோஸ்டால் வந்தது வேறு வழியாக. 1970-களில் சேர்ல் ஆய்வுக்கூடத்தில் இரைப்பையைக் காப்பாற்றுவதற்காக உருவாக்கிய செயற்கைப் புரோஸ்டாகிளாண்டின் அது. மூட்டுவலிக்குத் தொடர்ந்து வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வயிற்றுப்புண்ணைத் தடுக்க அமெரிக்கா 1988 டிசம்பரில் அதை அனுமதித்தது. சாதாரண அறை வெப்பத்தில் கெடாது, ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். விலையும் சொற்பம். கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் முதல் நாளிலிருந்தே இருந்தது, ஏனென்றால் இது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.

அந்த எச்சரிக்கையில் ஒளிந்திருந்த செய்தியை முதலில் பெரிய அளவில் புரிந்துகொண்டவர்கள் பிரேசில் நாட்டுப் பெண்கள். 1986-ல் அங்கே மருந்துக் கடைகளுக்கு வந்த இந்த மாத்திரை, கருக்கலைப்பு சட்டப்படி அநேகமாக முடியாத ஒரு நாட்டில் வாய்வழிச் செய்தியாகவே பரவியது. 1991-ல் அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. மருத்துவர்கள் இன்னொரு பக்கம் யோசித்தார்கள்: கர்ப்பப்பையைச் சுருக்கி வாயை இளக்குகிறது என்றால் நிறைமாதத்தில் இதைக் குறைந்த அளவில் வைத்தால் என்ன? உயிருள்ள குழந்தையோடு இருக்கும் தாய்மாருக்கு வலி வரவழைக்க இதைப் பயன்படுத்தியது பற்றி அர்ஜென்டினாவிலிருந்து 1992-ல் ஒரு குறிப்பு வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு ஒப்பீட்டு ஆய்வு. அதில் கொடுத்த அளவு 50 மைக்ரோகிராம், 4 மணிக்கு ஒரு முறை. பிரசவம் வேகமாக முடிந்தது. செலவும் குறைந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, சில வருடங்களுக்குள் எல்லாக் கண்டங்களிலும் லேபர் வார்டுகளுக்குள் இது வந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. மிசோப்ரோஸ்டாலை வாய் வழியாக விழுங்கினால் சுமார் அரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், 2 மணி நேரத்துக்குள் வெகுவாக இறங்கிவிடும். பிறப்புறுப்பில் வைத்தால் மெதுவாக ஏறும், உச்சம் சற்றுக் குறைவு, ஆனால் மணிக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். அதனால் அதே அளவை வைத்தாலும் மொத்தத்தில் உடம்புக்குப் போய்ச் சேரும் மருந்து கூடுதல். அது மட்டும் இல்லை, வைத்த மாத்திரை கரைந்து போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. டைனோப்ரோஸ்டோன் பட்டையில் ஒரு நாடா இருக்கும். வலி மிஞ்சினால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். ஆக்சிடோசின் டிரிப்ஸ் என்றால் சக்கரத்தைத் திருப்பி மூடிவிடலாம். மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கு அப்படி ஒரு சக்கரமோ நாடாவோ கிடையாது. உள்ளே போனது போனதுதான். அப்படிப்பட்ட மருந்தில் தொடக்க அளவு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அளவு கூடினால் வலி ஒன்றன்மேல் ஒன்றாக வரும். 10 நிமிடத்தில் 5-க்கு மேல் சுருக்கங்கள் தொடர்ந்து வந்தால் அது மிகைச்சுருக்கம். ஒவ்வொரு சுருக்கத்தின் போதும் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும், இடையில் கிடைக்கும் ஓய்வில்தான் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். அந்த ஓய்வு இல்லாமல் போனால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போனால் கர்ப்பப்பையே கிழியலாம். இது எப்போதாவதுதான் நடக்கும். நடந்தால் தாய், குழந்தை இரண்டு பேரின் உயிரும் நிமிடக்கணக்கில் இருக்கும்.

முன்பே சிசேரியன் ஆன கர்ப்பப்பையில் ஒரு தழும்பு இருக்கிறது. அங்கே என்ன ஆகும் என்பதை 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. முன்பு சிசேரியன் ஆன பெண்களுக்கு 25 மைக்ரோகிராம் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 17 பேருக்குக் கொடுத்ததில் 2 பேருக்குப் பழைய தழும்பு விட்டுப்போனது. ஆய்வை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். சரியான அளவைக் கொடுத்தும் ஆபத்து வந்த இடம் இது. அளவு ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற கேள்வி அளவுக்கும் முந்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் இரண்டையும் எழுதி வைத்தது: தொடக்க அளவு 25 மைக்ரோகிராம், பழைய சிசேரியன் தழும்பு உள்ளவர்களுக்கு வேண்டாம்.

அதாவது 1999-லேயே அளவு தெரிந்துவிட்டது. அந்த அளவில் மாத்திரை போட வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்?

2000 ஆகஸ்ட் 23 தேதியிட்டு சேர்ல் நிறுவனம் அமெரிக்க மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. கர்ப்பிணிகளுக்கு சைட்டோடெக் கொடுக்காதீர்கள். கர்ப்பப்பை கிழிதல், கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்தது, தாய் இறப்பு, சிசு இறப்பு எல்லாம் பதிவாகியிருக்கின்றன என்று அதில் இருந்தது. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. பிரசவ வலியைத் தூண்டுவதற்கு இந்த மருந்தை நாங்கள் ஆராய்ந்ததில்லை, இனி ஆராயவோ ஆதரிக்கவோ எண்ணமும் இல்லை.

இந்தக் கடிதத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். கருக்கலைப்பு மருந்தான மிஃபெப்ரிஸ்டோனுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது அடுத்த மாதம், செப்டம்பர் 28-ல். அதோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்து மிசோப்ரோஸ்டால் என்பதால் நிறுவனம் அந்தச் சர்ச்சையிலிருந்து விலகி நிற்கப் பார்த்தது என்று சொன்னவர்கள் உண்டு. நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். ஆபத்தைச் சொன்னது சரி. அதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் ஆபத்துக்குப் பெரிய காரணமான அதிக அளவுகளையும் தழும்பு உள்ள பெண்களையும் தனியாகப் பிரித்துச் சொல்லாமல், எல்லாப் பயன்பாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு, நாங்கள் இதில் இல்லை என்று ஒதுங்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. 2002 ஏப்ரலில் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பை மாற்றியது: வயிற்றுப்புண்ணுக்காகக் கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்று தடையைச் சுருக்கி, பிரசவப் பயன்பாட்டைப் பற்றித் தனிப் பகுதி சேர்த்தது. பிரசவத்துக்கான அனுமதி அப்போதும் இல்லை. அனுமதி இல்லாத பயன்பாட்டுக்கு மருத்துவர் தன் பொறுப்பில் மருந்து எழுதலாம். ஆனால் அனுமதி கேட்க ஆள் இல்லாத பயன்பாட்டுக்குத் தனியாக ஒரு மாத்திரையைத் தயாரிக்க எந்த நிறுவனம் முன்வரும்?

ஆக, பிளேடு கையிலேயே இருந்தது. இதை நேரில் கற்பனை செய்து பாருங்கள். மாத்திரையை முதலில் கோட்டில் இரண்டாக உடைக்கிறார்கள். பாதியைக் காலாக்குகிறார்கள். காலை அரைக்கால் ஆக்கும்போது ஒரு மூலை பொடியாகிக் காகிதத்தில் சிந்துகிறது. மீதித் துண்டுகளில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஒரு பெண்ணுக்குப் போவது 15 மைக்ரோகிராமா 35-ஆ என்று யாருக்கும் தெரியாது. 100 மைக்ரோகிராம் மாத்திரையை நான்காக வெட்டி எடைபோட்டு மருந்தின் அளவைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-ல் வந்தது. கால் துண்டுகளுக்கு இடையிலேயே அளவு கணிசமாக மாறியது. அப்படியென்றால் எட்டில் ஒரு பங்கின் கதி என்ன? அளவு குறைந்தவளுக்கு வலி வராமல் நேரம் போகும். கூடினவளுக்கு என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

இதற்கு ஓர் அழகான மாற்று வழி தென்னாப்பிரிக்காவில் ஜஸ்டஸ் ஹோஃப்மேயர் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஒரு முழு 200 மைக்ரோகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்துவிடுவது. ஒரு மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம். 25 வேண்டுமா, 25 மில்லி அளந்து குடிக்கக் கொடுத்தால் ஆயிற்று. பிளேடும் வேண்டாம், கண் மதிப்பும் வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கிவிடுவதால், வலி வந்துவிட்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்ளலாம். நாடா இல்லாத குறையை ஓரளவு இது தீர்க்கிறது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கொடுக்கும் முன் நன்றாகக் கலக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. காசு செலவில்லாத இந்த யோசனைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நிறுவனம் ஒதுங்கிய இடத்தில் மற்றவர்கள் மெதுவாக வந்தார்கள். பிரேசிலில் உள்நாட்டு நிறுவனம் ஒன்று 25 மைக்ரோகிராமிலேயே பிறப்புறுப்பு மாத்திரை போட்டது. இந்தியாவிலும் 25 மைக்ரோகிராம் மாத்திரைகள் அட்டையாகக் கிடைக்கத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டாலைப் பிரசவ வலி தூண்டுவதற்காகச் சேர்த்தது. 2011-ல் வந்த அதன் வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது: வாய் வழியாக 25 மைக்ரோகிராம், 2 மணிக்கு ஒரு முறை, அல்லது பிறப்புறுப்பில் 25 மைக்ரோகிராம், 6 மணிக்கு ஒரு முறை, முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் கூடாது.

பணக்கார நாடுகள் இதில் பின்தங்கியதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. வாய் வழியாகச் சாப்பிடும் 25 மைக்ரோகிராம் மாத்திரையான ஆங்குஸ்டா, டென்மார்க் முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் அனுமதி பெற்றது 2017-ல். பிரான்ஸில் 2018 மார்ச்சில் சைட்டோடெக்கையே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில், அப்போது சைட்டோடெக்கை விற்றுக்கொண்டிருந்த ஃபைசர் நிறுவனம் 2006-லேயே விற்பனையை நிறுத்தியிருந்தும், மருத்துவமனைகள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தன. 2020 பிப்ரவரியில் அங்கே பத்திரிகைகளில் இது பெரிய செய்தியாகி, பாதிக்கப்பட்ட தாய்மாரின் கதைகள் வெளியே வந்து, அடுத்த மாதமே மருத்துவர்களுக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கை போனது. சரியான அளவு மாத்திரை ஜெர்மன் சந்தைக்கு வந்தது 2021-ல். அளவு என்ன என்று எழுதிவைத்து 22 வருடங்கள் கழித்து.

இடையில் 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஒரு பிறப்புறுப்புப் பட்டையையும் சொல்லிவிடுகிறேன். 200 மைக்ரோகிராம் அடங்கிய அது, மணிக்குச் சுமார் 7 மைக்ரோகிராம் வீதம் 24 மணி நேரம் மருந்தைக் கசியவிடும், இழுத்து எடுக்க நாடாவும் உண்டு. டைனோப்ரோஸ்டோன் பட்டையோடு ஒப்பிட்டதில் பிரசவம் வேகமாக முடிந்தது, ஆனால் மிகைச்சுருக்கமும் கூடுதலாக வந்தது. இப்போது அது விற்பனையில் இல்லை.

கடைசியாக நாக்பூர். இந்த விஷயத்தில் நம் நாட்டிலிருந்து போன மிக முக்கியமான சான்று அங்கே நடந்த ஆய்வுதான். 2013 டிசம்பர் முதல் 2015 ஜூன் வரை, இரண்டு அரசு மருத்துவமனைகளில், கர்ப்பகால ரத்த அழுத்தத்தாலும் அதன் தீவிர வடிவமான முன்வலிப்பு நிலையாலும் உடனடியாகப் பிரசவம் பார்க்க வேண்டியிருந்த 602 பெண்கள். ஒரு பாதிக்கு வாய் வழியாக 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால், 2 மணிக்கு ஒரு முறை. மறு பாதிக்கு ஃபோலி கதீட்டர்: சிறுநீர்க் குழாயின் பலூனைக் கர்ப்பப்பை வாய்க்குள் வைத்து ஊதி, மருந்தில்லாமல் வாயைத் திறக்கும் பழைய முறை. 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரைப் பக்கத்தில் 57 சதவீதம், ஃபோலி பக்கத்தில் 47 சதவீதம். மிகைச்சுருக்கம் இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது.

நெரிசலான அரசு லேபர் வார்டில், கட்டிலுக்குக் கட்டில் மின்னணுக் கருவி இல்லாத இடத்தில் வந்த முடிவு என்பதால்தான் இதை நான் இவ்வளவு மதிக்கிறேன். ஒரே மருந்துதான். 50, 100 என்று பிறப்புறுப்பில் வைத்த காலத்தில் அது சம்பாதித்த கெட்ட பெயருக்கும் இந்த முடிவுக்கும் இடையில் மாறியவை அளவும் வழியும் நேர இடைவெளியும்தான். ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று: ஃபோலியும் மோசமான முறை இல்லை. நெதர்லாந்தில் 1,859 பெண்களை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், வாய்வழி மிசோப்ரோஸ்டாலும் ஃபோலியும் பாதுகாப்பில் ஒன்றுக்கொன்று சமமாகவே நின்றன. முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயைத் திறக்கவேண்டி வந்தால் பல மருத்துவர்களும் பலூனைத்தான் தேடுகிறார்கள்.

பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கும் பெண்ணும் கூட இருப்பவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. என்ன மருந்து, எத்தனை மைக்ரோகிராம், வாய் வழியா கீழேயா, அடுத்த வேளை எப்போது? முன்பு சிசேரியனோ கர்ப்பப்பைக் கட்டி அறுவை சிகிச்சையோ ஆகியிருந்தால், கேஸ் ஷீட்டில் இருக்கும் என்று விட்டுவிடாமல் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். பிறப்புறுப்பில் மாத்திரை வைத்திருந்தால், கடைசி மாத்திரைக்கும் டிரிப்ஸுக்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது வைத்த நேரம் அடுத்த நர்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில் தப்பே இல்லை. நடுக்கம், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு இந்த மருந்தால் வரக்கூடியவை. வலி விட்டு விட்டு வராமல் ஒரே பிடியாகப் பிடித்தால், குழந்தை அசைவு குறைந்தால், ரத்தம் பட்டால், பக்கத்துக் கட்டில்காரி சத்தம் போடாமல் இருக்கிறாளே என்று பார்க்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, குழந்தையின் துடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் கர்ப்பப்பையைத் தளர்த்தும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி வார்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மாத்திரை அட்டையைப் பிரிக்கும் முன்பே.